தொலைவில் உள்ள முதுகு

குற்றாலலிங்கத்தின் முதுகு அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தது 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அதுவரை அது அவருடைய சொந்த முதுகாகத்தான் இருந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற கடைத்தெருவில் ராஜபாய் அக்காவின் ஓட்டலில் இருபத்தொரு வருஷமாகப் பரோட்டா போடுகிறவர் அவர். மைதாவைக் குனிந்து பிசைய வேண்டும். பக்கவாட்டில் திரும்பி வீச வேண்டும். கல்லின் மேல் கவிழ்ந்து புரட்ட வேண்டும். வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் அடிக்க வேண்டும். இவற்றில் எதைச் செய்தாலும் இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கமாக, உள்ளேயிருந்து யாரோ திருகினார்கள். மாத்திரை போட்டார். மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. வயிற்றுக்கு வேறு மாத்திரை போட்டார். மே மாதக் கடைசியில் ஒரு நாள், வீசிய மாவைப் பிடிக்க முடியவில்லை; அது சால்னா அண்டாவுக்குள் போய் விழுந்தது.

ராஜபாய் அக்கா கோபப்படவில்லை.

"லிங்கம், கல்லு ஒனக்குத்தான். அதுல மாத்தமில்ல. ஓணம் வரைக்கும் செங்கோட்டைக்காரன் ஒருத்தன நிப்பாட்டிருக்கேன். ஓணம் முடிஞ்ச மறுநாள் நீ வந்து நிக்கணும். எட்டு மணிக்கூர் நிக்கணும் பாத்துக்கோ. உக்காந்து பரோட்டா போட்டவன நான் இதுவரைக்கும் கண்டதில்ல."

ஓணத்துக்குள் நிற்க வேண்டும். லிங்கத்துக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காக அவர் அரசாங்கத்திடம் போனார்.

அட்டக்குளங்கரையில், லிங்கத்தின் வீட்டிலிருந்து நடந்தால் ஏழாவது நிமிஷத்தில், 'மருந்தில்லா முதுகு' என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்த ஒரு கட்டடம் இருந்தது. மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, தீராத முதுகுவலியை உடற்பயிற்சியாலும் பிசியோதெரபியாலும் தீர்க்கிறோம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மாத்திரை கிடையாது என்ற இடத்திலேயே லிங்கம் பாதி குணமாகிவிட்டார்.

இயக்குநர் டாக்டர் அனந்தபத்மநாபன் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்தவர். தமிழ்க்காரர் வந்தால் தமிழிலேயே பேசுகிற பெருந்தன்மை அவருக்கு உண்டு.

"எங்கேர்ந்து வரேள்?"

"இந்தா, சாலையிலருந்துதான் சார். நடந்தே வந்துட்டேன். ஏழு நிமிசம்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடி வைத்தார்.

"அடடா. ஏழு நிமிஷமா? இது தொலை சிகிச்சைத் திட்டமாக்கும். சாட்டிலைட் மூலமா. தொலைவில் உள்ள நோயாளிக்குத்தான். பக்கத்திலே இருக்கறது உங்க தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அது ஒரு தகுதியும் இல்லை."

திறந்திருந்த கதவு வழியாகப் பக்கத்து அறை தெரிந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளம்பெண், ஒன்றுமே தெரியாத டி.வி. ஒன்றின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். லிங்கம் பணிவாகக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா சும்மாதான இருக்காங்க சார்? ஒரு தடவ முதுகுல கை வச்சுப் பாத்தாங்கன்னா..."

"சுஜா சும்மா இல்லை. லிங்க்குக்குக் காத்துண்டிருக்கா. ஆறு மாசமா."

லிங்க் என்கிற சாட்டிலைட் தொடர்பின் மறுமுனை, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் வித்துராவில் இருந்தது. பொன்முடியிலும் போனக்காட்டிலும் தேயிலைக் கூடை சுமக்கிறவர்களின் முதுகுகளை உத்தேசித்து அதைத் திறந்திருந்தார்கள். கூடை சுமக்கிறவர்கள் மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் வேலையை விட வேண்டும்; பஸ்ஸோ எப்போதாவதுதான். ஆகவே திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். ஒருவர் டி.வி.யில் கிரிக்கெட் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இயக்குநர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வித்துரா வரைக்கும் பஸ்ஸிலே போவேளோ?"

"எதுக்கு சார்?"

"அங்கே போய் இறங்கிட்டேள்னா நீங்க தொலைவில் உள்ள நோயாளி. இங்கேர்ந்து சுஜா உங்களைப் பார்ப்பா."

"இங்க இருக்கவங்களப் பாக்கதுக்கு அங்க போகணுமா சார்?"

"டெக்னாலஜின்னா அதுதானே!" என்றார் இயக்குநர். அந்த அறைக்கு அன்று முதல்தடவையாகக் காப்பி சொன்னார்.

வீட்டில் மனைவி வடிவம்மாள் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"ஏழு நிமிசத்துல இருக்க பொம்பளய, ரெண்டு மணிக்கூர் பஸ்ல போயி, டீவில பாக்கப் போறியளாக்கும்?"

"கவர்மெண்டு ஏற்பாடுட்டீ."

"அதான் தெரியுதே."

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் லிங்கத்தின் நாட்கள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் நெடுமங்காடு வரை முதுகு பொறுத்துக்கொள்ளும். அதற்கப்பால் சாலை போட்டவர்களும் முதுகைப் பற்றி யோசித்திருக்கவில்லை. வித்துராவில் இறங்கும்போது லிங்கம், கீழே விழுந்த எதையோ தேடுகிறவரைப் போல நடப்பார்.

நிலையத்துக்குப் பொறுப்பாளர் வேலாயுதன். அந்தச் சந்தையில் டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், 'தொலைமுனை உதவியாளர்' என்ற பதவியை ஏற்ற நாளிலிருந்து சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே பாஷை.

"வரணும் அண்ணாச்சி. உள்ள ஏசி உண்டு. பக்ஷே அது மெஷினுக்காக்கும். லிங்க் வந்தா விளிக்கேன், அதுவரைக்கும் வராந்தாவுல நிக்கணும் கேட்டோ."

"உக்காரலாமா?"

"பெஞ்சு இன்னும் சாங்ஷன் ஆயிட்டில்ல."

முதல் மூன்று தடவை மழை. மழை பெய்தால் லிங்க் வராது. பொன்முடி அடிவாரத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை பெய்யும் என்பதைத் திட்ட அறிக்கை எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களும் ஜன்னல் இல்லாத அறையில் எழுதியிருந்தார்கள். மூன்று தடவையும் பதிவேட்டில் 'நோயாளி வருகை: ஆம். சிகிச்சை: வானிலை' என்று எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினார் வேலாயுதன்.

நான்காம் தடவை வெயில் அடித்தது. டி.வி.யில் புள்ளி புள்ளியாக சுஜா தோன்றினாள்.

"அண்ணே, வணக்கம். தெரியுதா? நீங்க எங்க நிக்கீங்க? எனக்கு நெத்தியும் முடியும்தான் தெரியுது."

கேமராவைத் திறப்பு விழா அன்று அமைச்சரின் உயரத்துக்குப் பொருத்தியிருந்தார்கள். அமைச்சர் ஆறடி. லிங்கம் ஐந்தடி இரண்டங்குலம். கேமராவை இறக்க வேண்டுமானால் பொருத்திய கம்பெனியின் பொறியாளர் பெங்களூரிலிருந்து வந்து, இறக்கினதாகச் சான்றிதழ் தர வேண்டும். அதற்குக் கடிதம் போயிருந்தது. அதுவரைக்கும் ஒரு ஸ்டூல் ஏற்பாடு செய்திருந்தார் வேலாயுதன். முதுகுவலிக்காரர் ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி, கேமராவுக்கு முதுகைக் காட்டி, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

குரல் வானத்துக்குப் போய்த் திரும்பி வர நான்கு வினாடி பிடித்தது. சுஜா, "மெல்லக் குனியுங்க" என்பாள். லிங்கம் குனிய ஆரம்பிக்கும்போது அவளுடைய முனையில் ஒன்றும் நடந்திருக்காது. "கேட்குதா? குனியுங்க" என்பாள். லிங்கம் மேலும் குனிவார். "போதும், போதும்!" என்பது வந்து சேரும்போது ஸ்டூல் ஆடத் தொடங்கியிருக்கும், வேலாயுதன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவள் புத்திசாலி. மூன்றாம் வாரத்தில் வழி கண்டுபிடித்தாள். குனிவதற்கு முன்பே நிறுத்தச் சொன்னாள். நிமிர்வதற்கு முன்பே பாராட்டினாள். லிங்கமும் அவள் கேட்கப்போவதற்கு முன்கூட்டியே பதில் சொல்லப் பழகிக்கொண்டார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய புருஷன் பெண்டாட்டியைப் போல, மற்றவர் இன்னும் சொல்லாததற்கு இருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள்.

பயிற்சி நல்ல பயிற்சிதான். வீட்டில் பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றை உள்ளே இழுத்து அவர் செய்த நாட்களில் திருகல் கொஞ்சம் தணிந்தது. செவ்வாயும் வெள்ளியும் வந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

பயிற்சி முடிந்ததும் வலிக்கு எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்க முடியாதது. முதல் நாள் லிங்கம் எட்டு என்றார். அடுத்த தடவை பஸ்ஸின் பின் சீட்டில் வந்ததால் ஒன்பது என்றார். வேலாயுதன் தட்டினார். கணினி 'டொங்' என்றது.

"அண்ணாச்சி, ஒம்பது எடுக்காது. போன தடவைய விடக் கூடுதல் போட்டா மெஷின் சம்மதிக்காது. சிகிச்சை நடக்கும்போ வலி கூடுமோன்னு அது கேக்குது."

"கூடியிருக்கே."

"எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதே. எட்டு சொல்லுங்க. ஏழு சொன்னா சாருக்குச் சந்தோஷம்."

ஏழு என்றார் லிங்கம். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வரைபடம் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில், பாறசாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த சுஜாவை லிங்கம் நேரில் பார்த்தார். டி.வி.யில் தெரிந்ததைவிட ஒல்லியாக, புள்ளிகள் இல்லாமல் இருந்தாள். இரண்டு பேரும் வழக்கம்போல நான்கு வினாடி காத்திருந்துவிட்டுப் பேசினார்கள்.

"டாக்டரம்மா, இந்தா இந்த இடம்தான். ஒரு தடவ கை வச்சுப் பாருங்களேன்."

அவள் கை நீண்டது. பிறகு பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"வேண்டாம் அண்ணே. நான் நேர்ல தொட்டா நீங்க திட்டத்துல இருந்து போயிருவீங்க. தொலை சிகிச்சையில தொட்டதும் கலந்துட்டுன்னு சொல்லுவாங்க. நீங்க போனா அங்க ஆளே இல்ல. நான் ஒரு வருச காண்ட்ராக்ட்."

"செரி, செரி. நீங்க வருத்தப்படாதீங்க" என்றார் லிங்கம். இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை, நெடுமங்காட்டைத் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் விழுந்து எழுந்தபோது, லிங்கத்தின் வலி நின்றது.

அவர் முதலில் நம்பவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. இடுப்பிலிருந்து இடது கால் முழுக்க, மழை விட்ட தெரு மாதிரி, ஒரே அமைதி. கட்டைவிரல் வரைக்கும் ஒன்றுமே இல்லை. மூன்று மாதத்தில் முதல்தடவையாக அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரப்பர் மரங்கள் ஓடின. ஓணத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் தன் கல் சூடாவதை நினைத்துக்கொண்டார்.

அன்று மழை, லிங்க் இல்லை. எண்ணை மட்டும் எழுதிப் போனில் சொல்லிவிடலாம் என்று வேலாயுதன் பதிவேட்டைத் திறந்தார்.

"வலி எத்தர?"

"வலியே இல்ல வேலாயுதா. மரத்துப் போன மாதிரி இருக்கு. இந்தக் கால் என்னோடதுதானா, வேற ஆளோடதான்னு இருக்கு."

வேலாயுதன் படிவத்தை மேலிருந்து கீழ் வரை விரலால் தேடினார். மரத்துப் போனதற்குக் கட்டம் இல்லை. இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வலி உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்" என்றது போன்.

"இல்ல சார்."

"அப்போ பூஜ்யம் போடும்!" அந்தக் குரல் நடுங்கியது. "பகவானே! பூஜ்யம்!"

திட்டத்தின் சரித்திரத்தில் அது முதல் பூஜ்யம். இரண்டு நாளில் அமைச்சரின் தேதி கிடைத்தது. ஓணத்துக்கு மூன்று நாள் முன்னால், அமைச்சர் அட்டக்குளங்கரையில் உட்கார்ந்திருப்பார். வித்துராவில் லிங்கம், கதவிலிருந்து திறப்பு விழாக் கல்வெட்டு வரை எட்டு அடி நடந்து காட்டுவார். அதை வானம் வழியாகச் சபை கண்டுகளிக்கும். அமைச்சர் நகரத்தில் இருந்ததால் லிங்கத்தின் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருந்தார். லிங்கம்தான் தூரமாகப் போக வேண்டியிருந்தது.

வடிவம்மாளுக்கு ஒன்று பிடிபடவில்லை.

"படி ஏறும்போ காலை இழுக்கியளே. பாதம் தரையில ஒரசுது. சத்தம் கேக்கு."

"வலி இல்லல்லா?"

"வலி இல்லேன்னா நல்லா நடக்கணும்லா?"

"கவர்மெண்டே பூஜ்யம்னு எழுதியாச்சு. நீ வேற."

விழா அன்று இயக்குநர் பட்டு வேட்டியில் வந்திருந்தார். சபையில் நூற்றைம்பது பேர். அதில் முதுகுவலிக்காரர்கள் நூற்றிருபது பேராவது இருப்பார்கள்; எல்லோரும் பக்கத்துத் தெருக்காரர்கள் என்பதால் தகுதியில்லாதவர்கள். அவர்களுக்கு மடக்கு நாற்காலி போட்டிருந்தது.

இயக்குநர் பேசினார்:

"பதினேழு வருஷமாக நான் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. இதைக் கர்வத்தோடு சொல்லிக்கொள்கிறேன். தொட்டால் என்ன ஆகும்? நோயாளி 'இங்கே இல்லை சார், அங்கே' என்பார். நாம் அங்கே தொடுவோம். அவர் 'ஆ' என்பார். இதெல்லாம் பழைய முறை. இன்று எனக்கும் நோயாளிக்கும் நடுவே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்டிலைட் இருக்கிறது. உலகத்திலேயே வேறு எந்த டாக்டரும் தன் நோயாளியிடமிருந்து இவ்வளவு தூரம் போனதில்லை."

கைதட்டினார்கள்.

அமைச்சர் மலையாளத்தில் பேசினார். ஏழைகளின் முதுகெலும்பு தமது அரசு என்றார். மலை மக்கள் ஆஸ்பத்திரியைத் தேடி அலைகிற நிலையைத் தாம் மாற்றிவிட்டதாகவும், இப்போது அவர்கள் எங்கும் போவதில்லை என்றும், இதற்குச் சாட்சி வித்துரா நிலையத்தின் பதிவேடு என்றும் சொன்னார். அமைச்சர் உண்மை பேசிவிட்டாரோ என்று முன்வரிசையில் ஓர் அதிகாரி கலங்கினார். யாரும் கவனிக்கவில்லை.

பிறகு திரை வெளிச்சமானது. வேலாயுதன் கதவைத் திறந்துவிட்டார். புது வேட்டி, புதுச் சட்டை, வடிவம்மாள் வாங்கித் தந்த புது ரப்பர்ச் செருப்போடு லிங்கம் உள்ளே வந்தார். இன்றைக்கு ஸ்டூல் இல்லை. விழாவுக்காகக் கேமராவைச் சான்றிதழ் இல்லாமலே இறக்கியிருந்தார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது அடியில் இடது செருப்பு காலிலிருந்து கழன்று தரையிலேயே நின்றது. லிங்கம் நடந்துகொண்டே இருந்தார். இடது பாதத்தின் நுனி தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. செருப்பை எடுத்துக் கொடுக்கலாமா என்று வேலாயுதன் யோசித்தார். கேமராவுக்குக் குறுக்கே போகக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவு இருந்தது. எட்டு அடி முடிந்தது. லிங்கம் கல்வெட்டுக்கு அருகில் திரும்பி நின்று கும்பிட்டார். நான்கு வினாடி கழித்து நகரம் கைதட்டியது.

"சந்தோஷத்துல செருப்பக்கூட மறந்துட்டாரே!" என்று அமைச்சர் சிரித்தார். சபையும் சிரித்தது.

சுஜா மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"லிங்கண்ணே, ஒரு செருப்பு கழண்டுட்டு. தெரியலையா?"

நான்கு வினாடி. திரையில் லிங்கத்தின் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு அவர் கேட்டார்:

"எந்தக் கால் செருப்பும்மா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சுஜா எழுந்து இயக்குநரின் காதருகில் போனாள்.

"சார், பாதம் தொங்குது. கால்ல உணர்ச்சி இல்ல. வலி குறையல சார், நரம்பு நசுங்கிட்டு. இன்னைக்கே சர்ஜன் பாக்கணும்."

"இன்னிக்கு மினிஸ்டர் இருக்கார்" என்றார் இயக்குநர், உதடு அசையாமல். "செவ்வாய்க்கிழமை லிங்க் போட்டுப் பார்த்துக்கலாம்."

"தொட்டுப் பாக்கணும் சார்."

"சுஜா. அப்புறம் பூஜ்யம் போயிடும்."

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். வெளியே வந்து, தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வித்துராவுக்குப் போன் போட்டாள். கம்பி வழியாகப் போனதால் அவள் குரல் உடனே போய்ச் சேர்ந்தது.

"வேலாயுதேட்டா, அவர ஒடனே டவுனுக்கு அனுப்பணும். ஜீப் நிக்குதுல்லா?"

"ஜீப்பு மெஷின கொண்டு போக மட்டுமாக்கும் மோளே. மாலை போட்டு நிக்குது. ஆள ஏத்தணும்னா சாரோட ஒப்பு வேணும்."

"அப்போ பஸ்ல கூட்டிட்டு வாங்க. நீங்களும் வாங்க. நான் பேரூர்க்கடையில நிப்பேன்."

"நான் டூட்டில அல்லோ... செரி. வரேன்." அவர் அன்று முதல்தடவையாகச் சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டார்.

பேரூர்க்கடையில் அந்த பஸ் நின்றதும் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். சுஜா ஏறினாள். மூன்றாவது சீட்டில் லிங்கம், இரண்டு செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழாவில் தன்னால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, "நல்லாத்தான நடந்தேன்?" என்று கேட்டார்.

சுஜா பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து அவருடைய இடது பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள்.

"அண்ணே, கண்ண மூடிக்குங்க. குத்துனா சொல்லணும். இங்க?"

"எங்க?"

"இங்க?"

"ஆரம்பிச்சிட்டியளா?"

கண்டக்டர் டிக்கட் பையோடு வந்து எட்டிப் பார்த்தார். கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கூடையை மடியிலிருந்து இறக்கினாள். சுஜா பாதத்தில், கணுக்காலில், கெண்டைக்காலில் குத்திக்கொண்டே வந்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே லிங்கம் 'ம்' என்றார்.

"இனி கண்ணத் தொறங்க. பெருவிரலை மட்டும் மேல தூக்குங்க."

லிங்கம் விரலைப் பார்த்தார். கண்டக்டர் பார்த்தார். வேலாயுதனும் கோழிக்கூடை அம்மாளும் பின்சீட்டுக்காரர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். லிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அங்கேயே இருந்தது.

"தூக்குங்க அண்ணே."

"தூக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் லிங்கம்.

கண்டக்டர் டிக்கட் பையை முதுகுக்குத் தள்ளிவிட்டு, குனிந்து, லிங்கத்தின் ஒரு பக்கத் தோளுக்குக் கை கொடுத்தார். வேலாயுதன் மறுபக்கம் பிடித்தார். ஆட்டோவில் ஏற்றும்வரை சுஜா அந்தப் பாதத்தைக் கையிலேயே தாங்கிக்கொண்டு வந்தாள்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஒரு கிழட்டு சர்ஜன், பேசாமல், மூன்று நிமிஷம் தொட்டுப் பார்த்தார். சாயங்காலமே முதுகைத் திறந்தார்கள். முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். கால் திரும்ப வருமா என்று வடிவம்மாள் கேட்டாள்.

"நரம்பு மெல்லத்தான் வரும். வரவும் செய்யலாம், வராமலும் இருக்கலாம்" என்றார் அவர். "பத்து நாள் முன்னாலே கொண்டுவந்திருக்கணும். யாரும் பார்க்கலியா?"

"பாத்தாங்க" என்றாள் வடிவம்மாள். "வானத்துலருந்து."

ஓணம் வந்தது, போனது. மறுநாள் ராஜபாய் அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கல்லைப் பற்றி அவள் பேசவில்லை. லிங்கமும் கேட்கவில்லை. செங்கோட்டைக்காரன் உப்பை அதிகமாகப் போடுகிறான் என்று மட்டும் போகும்போது சொன்னாள்.

சுஜாவுக்கு ஒரு மெமோ வந்தது. தொலைவில் உள்ள நோயாளியைத் தொட யார் அனுமதி கொடுத்தார்கள், குத்துவதற்குப் பயன்படுத்திய ஊசி எந்தக் கொள்முதல் விதிப்படி வாங்கப்பட்டது, அரசு பஸ்ஸை எதற்காகச் சிகிச்சை நிலையமாகப் பயன்படுத்தினாள் என்று கேட்டிருந்தார்கள். அதே வாரத்தில் திட்டத்தின் வண்ணப் புத்தகம் வெளிவந்தது. அட்டையில் லிங்கம் நடந்து வந்தார். படத்தை முழங்காலோடு வெட்டியிருந்தார்கள். உள்ளே, முழுமையாகக் குணமடைந்தவர்: ஒருவர், என்று போட்டிருந்தது. இதை ஏற்றுக்கொண்டு தில்லி, இன்னும் ஆறு ஊர்களுக்கு ஸ்டூல் உட்பட அனுமதி வழங்கியது.

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் காலையில் வடிவம்மாள் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்தாள். பக்கத்து மேஜையில் யாரோ ஒருவருடைய மருந்துச் சீட்டுகளும் ஃபிளாஸ்க்கும் இருந்ததால், தூக்குவாளியை லிங்கத்தின் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். வாளி சாய்ந்து அவருடைய இடது பாதத்தில் ஒட்டி நின்றது.

"ஏட்டீ" என்றார் லிங்கம்.

"என்ன?"

"வாளிய எடு. கால் சுடுது."

வடிவம்மாள் தட்டோடு திரும்பி வந்தாள். வாளியைப் பார்த்தாள். அது எந்தக் காலில் பட்டுக்கொண்டிருக்கிறது என்று போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"எங்க சுடுது?"

"பெருவிரல்ல. எடேன்."

அவள் எடுக்கவில்லை. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.